பதினோராம் படுக்கையின் கட்டங்கள்

அஸ்ரூ மலையிலிருந்த பழைய காசநோய் மருத்துவமனைக்குத் திலிலா காரில் வந்து சேர்ந்தபோது மணி பதினொன்று. தேவதாரு மரங்களுக்கிடையே மூடுபனி இன்னும் கலையவில்லை. அவள் எழுதிய செயலியில், அந்த மலைமக்களின் பழைய எழுத்தான திஃபினாக்கில் தெரிய வேண்டிய நோயாளிகளின் பெயர்கள் வெறும் கட்டங்களாகத் தெரிகின்றன என்று புகார்.

செவிலியர் மேசைக் கணினியில் எழுத்துருவைச் சேர்த்ததும் பெயர்கள் திரையில் ஒவ்வொன்றாக வந்தன. பதினோராம் படுக்கை மட்டும் கட்டங்களாகவே நின்றது.

"அங்க யாருண்ணே?"

செவிலியர் ஹம்மு தேநீரைக் கீழே வைத்தார். "இங்க பத்துப் படுக்கைதான். பதினொண்ணு அந்தக் கோடி அறை. யாரும் போறதில்ல."

"செயலி ஓடுற கதவுப் பூட்டுக் கருவி அங்கயும் இருக்கில்ல? பாத்துட்டு வந்துடறேன்."

"வேணாம் தங்கச்சி. கட்டமாவே இருந்துட்டுப் போகட்டும்."

மடிக்கணினியை எடுத்துக்கொண்டு அவள் போனாள்.

உள்ளே ஈரக் கம்பளி நாற்றம். இரும்புக் கட்டில் ஒன்று, வெறுமையாக. கதவருகே சுவரில் கருவி. அவள் அதைத் தொடுமுன் கதவு தானாகச் சாத்திக்கொண்டது. பூட்டு விழுந்தது.

திற, பூட்டு என்று இரண்டு பொத்தான்கள் இருக்க வேண்டும். இரண்டிலும் கட்டங்கள்.

ஒன்றை அழுத்தினாள். விளக்கு அணைந்தது. மற்றதை அழுத்தினாள்.

முதுகுக்குப் பின்னால் கட்டில் கிறீச்சிட்டது.

திரும்பிப் பார்க்கவில்லை. மடிக்கணினியைக் கருவியோடு இணைத்து எழுத்துருவை ஏற்றினாள். யாரோ நெஞ்சு கிழிய இருமினார்கள். மிக அருகில்.

கட்டங்கள் கரைந்தன. எழுத்துகள் வந்தன.

இரண்டு பொத்தானிலும் ஒரே சொல்: இங்கேயே இரு.

"ஹம்மு அண்ணே..." கதவை உள்ளங்கையால் அறைந்தாள். கழுத்தில் சில்லென்று மூச்சு பட்டது. எவ்வளவு நேரமோ. கடைசியில் கடப்பாரையால் பூட்டைப் பெயர்த்து, ஹம்மு அவளை வெளியே இழுத்தார்.

"ஒண்ணுமில்ல, வந்துட்ட. மூச்சு விடு."

அவளை உட்கார வைத்துவிட்டு, மேசையிலிருந்த திரையைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"என்னண்ணே?"

பதினோராம் வரிசையில் இப்போது கட்டங்கள் இல்லை. எழுத்துகள் தெளிவாக இருந்தன. ஹம்மு தாழ்ந்த குரலில் வாசித்தார்.

"வீட்டுக்கு அனுப்பியாச்சு. கூட்டிட்டுப் போறவங்க, திலிலா."

வெளியே, மூடுபனிக்குள், அவள் காரின் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது.