ஐந்தாம் வகுப்புக்கு மட்டும் சனிக்கிழமை

மழையால் பள்ளிக்கூடம் பல நாள் மூடிக் கிடந்தது. வெயில் வந்ததும் அறிவிப்புப் பலகையில் ஒரு செய்தி வந்தது. நாலாம் வகுப்பு வரை இந்த ஆண்டுக்கான பாடநேரம் நிறைந்துவிட்டது. ஐந்தாம் வகுப்புக்குப் பாடநேரம் அதிகம், இன்னும் நிறையவில்லை. அதனால் அவர்களுக்கு மட்டும் சனிக்கிழமையும் பள்ளி.

பெரியவள் ஐந்தாம் வகுப்பு. தங்கை வாலு நாலாம் வகுப்பு.

"நேரத்தை எதுலக்கா நிரப்புவாங்க? வாளியிலயா?"

"உன் வாயில. அப்பவாவது மூடியிருக்கும்!"

அப்பாவுக்குப் பேருந்து டிப்போவில் வேலை. சனிக்கிழமைகளில் பேருந்துகளைக் கழுவும் கொட்டகைக்குள் ஓட்டிச் செல்வார். மகள்கள் இருவரும் பேருந்துக்குள்ளே உட்கார்ந்திருப்பார்கள். ராட்சத பிரஷ்கள் சுழன்று வந்து கண்ணாடியில் மோதும். நுரை வழியும். முன்சீட்டு எப்போதும் பெரியவளுக்குத்தான்.

"இன்னிக்கு முன்சீட்டு எனக்குத்தானேப்பா?" என்றாள் வாலு, அந்தச் சனிக்கிழமை காலையில்.

"உனக்கேதான் செல்லம்."

அந்தச் 'செல்லம்' காதில் விழ, பெரியவள் பையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டு பள்ளிக்கு நடந்தாள்.

வகுப்பில் டீச்சர் உராய்வைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவளின் கண்ணுக்குள்ளே வாலு முன்சீட்டில் காலாட்டிக்கொண்டிருந்தாள். டிப்போவில் தண்ணீர் நின்றுபோகட்டும் என்று நினைத்தாள். ஐயோ, அப்பாவின் வேலை கெடுமே! 'அரைமணி நேரம் மட்டும்' என்று திருத்திக்கொண்டாள்.

பிரஷ், கண்ணாடி, உராய்வு... சட்டென்று எழுந்தாள்.

"டீச்சர், இந்த ரூம்ல உட்கார்ந்தாத்தான் பாடநேரமா?"

"அப்படி இல்லையே. நான் கூட இருந்து சொல்லிக்கொடுத்தா எங்க இருந்தாலும் பாடம்தான். ஏன்?"

"எங்கப்பா டிப்போவுல உராய்வைக் கண்ணாலயே பார்க்கலாம் டீச்சர்!"

வகுப்பே மேசையைத் தட்டியது. தலைமையாசிரியை சம்மதித்தார். டிப்போ மேலாளரும் சரி என்றார். அடுத்த சனிக்கிழமை போவதென்று முடிவானது.

வெள்ளிக்கிழமை மாலை வாலு செருப்பைத் துடைத்து வைத்தாள்.

"நாளைக்கு அக்கா வகுப்புதான் வருது. உனக்கு இடமில்லடா" என்றார் அப்பா.

பெரியவளுக்குச் சர்க்கரையாக இனித்தது. வாலு துடைத்த செருப்பை மூலையில் தூக்கிப் போட்டாள். சாப்பிடக் கூப்பிட்டும் வராமல் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

பெரியவள் அந்தச் சின்ன முதுகையே பார்த்தாள். போன வாரம் அவளும் இப்படித்தான் படுத்திருந்தாள். எங்கே வலிக்கும் என்று அவளுக்குத் தெரியும். இனிப்பு எங்கோ போய்விட்டது.

காலையில் டிப்போ வாசலில், வாலுவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டீச்சர் முன்னால் போய் நின்றாள்.

"இவளும் வரட்டுமா டீச்சர்?"

"இவ வகுப்புக்குத்தான் நேரம் நிறைஞ்சுபோச்சே!"

"வழிஞ்சா துடைச்சுக்கலாம் டீச்சர்."

டீச்சர் சிரித்துவிட்டார். "சரி, ஏறச் சொல்லு."

பேருந்துக்குள் முன்சீட்டுக்கு ஒரே அடிதடி.

"அது எம்பொண்ணு சீட்டு!" என்றார் அப்பா.

"எந்தப் பொண்ணுப்பா?" என்று இருவரும் ஒரே குரலில் கேட்டார்கள். அப்பா தலையைச் சொறிந்துகொண்டார்.

இருவருமே நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். பேருந்து கொட்டகைக்குள் நகர்ந்தது. பிரஷ்கள் சுழன்று வந்தன. பின்னால் வகுப்பே கூச்சலிட்டது.

"தள்ளி உக்காருக்கா! எனக்கு ஒண்ணுமே தெரியல!"

பெரியவள் தள்ளி உட்கார்ந்தாள். ஒரே ஒரு விரற்கடை.