கடைசி நிரையில் தவழ்ந்தவன்

செலண்டார் பக்கத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றின் கடைசி நிரையில் ரெஜினால்ட் வண்டியை நிறுத்தியபோது வெயில் சுள்ளென்று அடித்தது. நிரையைத் தாண்டினால் சதுப்புக் காடு. அங்கே என்னென்ன விலங்குகள் நடமாடுகின்றன என்று கண்டுபிடிப்பதுதான் அவன் வேலை. எதிரே எது அசைந்தாலும் தானாகப் படம் எடுக்கும் கேமரா ஒன்றைப் போன மாதம் மரத்தில் கட்டியிருந்தான். இன்று அந்தப் படங்களை எடுத்துப் போக வந்திருந்தான்.

பேய் பிசாசை எல்லாம் நம்புகிற ஆள் இல்லை அவன். காட்டில் அட்டைக்கு மட்டும்தான் பயப்படுவான்.

உதிரிப் பழங்கள் பொறுக்க ஆளில்லாமல் அழுகிக் கிடந்தன. புளித்த நாற்றம் குமட்டியது. பூச்சிச் சத்தம்கூட இல்லை.

வண்டிக்குள் உட்கார்ந்து மடிக்கணினியில் படங்களைத் திறந்தான். முதல் படத்தில் அவனே இருந்தான். கேமராவைக் கட்டி முடித்ததும் அதன் முன்னால் விலங்கு மாதிரி தவழ்ந்து சோதித்துப் பார்ப்பது இந்த வேலையில் வழக்கம். அதே வாரம்தான் வீட்டில் மகள் கிளாரிசாவும் தவழத் தொடங்கியிருந்தாள். அப்பனுக்கும் மகளுக்கும் ஒரே வேலை என்று மனைவி வெரோனிக்கா கேலி செய்தது நினைவுக்கு வந்தது. சிரித்துக்கொண்டே அடுத்த படத்துக்குப் போனான்.

சிரிப்பு உறைந்தது.

அவனுக்குப் பின்னால் இன்னொரு உருவமும் தவழ்ந்துகொண்டிருந்தது.

முகத்தை மறைத்த முடி மண்ணில் இழுபட்டது. முழங்கைகள் மடங்கக்கூடாத பக்கம் மடங்கியிருந்தன. அடுத்த படத்தில் அது அவன் குதிகாலை ஒட்டி வந்துவிட்டது.

அன்று அவன் தனியாகத்தான் வந்திருந்தான்.

இன்று கூட வந்திருந்த தோட்டக் காவலாளி மருதமுத்து எட்டிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

“தம்பி, இங்க முட்டி போட்டியா?”

“டெஸ்ட் பண்ணணும்லா அண்ணே.”

“இந்த நிரையில நாங்க பழம் பொறுக்கக்கூட குனிய மாட்டோம். தவழ்றவங்கள பாத்தா அது பின்னாலயே வீடு வரைக்கும் போயிரும்.” குரல் தாழ்ந்தது. “பெரிய ஆளுங்கள ஒண்ணும் செய்யாது. வீட்ல தவழ்ற புள்ள இருந்தாத்தான்...”



ரெஜினால்ட் மீதிப் படங்களை அவசரமாகத் தள்ளினான். காட்டுப்பன்றி, முசாங் மரநாய், மழை. அந்த உருவம் மட்டும் எதிலும் இல்லை.

அது இங்கே இல்லை.

வீடு அலோர் காஜாவில். பறந்து போனாலும் நேரமாகும். வெரோனிக்காவைக் கைப்பேசியில் அழைத்தான்.

“பாப்பா எங்க?”

“ஹால்லதான் தவழ்றா. கொஞ்ச நாளா ஒரே சிரிப்பு. யாரோ தொரத்துற மாதிரி திரும்பித் திரும்பிப் பாத்துகிட்டே போறா. போன ஸ்பீக்கர்ல போட்டு கீழ வைக்கிறேன், நீங்களே பேசுங்க.”

“வேணாம்! அவள மொதல்ல தூக்கு!”

கைப்பேசி தரையில் படும் சத்தம் கேட்டது. பிறகு, தரையில் பிஞ்சு உள்ளங்கைகள் தட்டும் சத்தம்.

“சரிலா, தூக்கிட்டேன். எதுக்கு இப்படிக் கத்துறீங்க? இடுப்புலதான் இருக்கா.” அவள் குரல் எட்டத்திலிருந்து வந்தது.

ரெஜினால்டுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் தரையில் அந்தச் சத்தம் நிற்கவில்லை.

இப்போது கனத்த உள்ளங்கைகள். மெதுவாக, கைப்பேசியை நோக்கி.

அருகில் வந்து நின்றது. ஏதோ ஒன்று கைப்பேசியைப் பொத்தியது.

“வெரோனிக்கா! புள்ளையத் தூக்கிட்டு வெளிய ஓடு!” தொண்டை கிழியக் கத்தினான். அது அவளுக்குக் கேட்கவில்லை.

“என்னங்க, இருக்கீங்களா? சத்தத்தையே காணோம்.” அவள் குரல் அமுங்கிக் கேட்டது. குழந்தை சிணுங்கினாள். “என்னடி, கீழ கீழ கைய நீட்டுற? எறங்கணுமா? சரி, எறங்கு.”

சிணுங்கல் நின்றது. கிளாரிசா கலகலவென்று சிரித்தாள்.