மணி அடித்தால் உள்ளே போகலாம்

உள்ளே போன லோகேஸ்வரனின் பை நாற்காலியிலேயே இருந்தது. அவனுக்குப் பின் போன ரூபாவின் குடையும், அதற்கடுத்துப் போனவர்களின் பைகளும் அப்படியே கிடந்தன. நேர்காணல் முடிந்து ஒருவர்கூட அவற்றை எடுக்க வரவில்லை என்பது இந்திராணிக்கு மதியத்துக்கு மேல்தான் உறைத்தது.

திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிப் படிப்புப் பிரிவில் அவள் சூப்பரின்டெண்ட். பிஎச்.டி. சேர்க்கை நாளில் அவளுக்கு வேலை சுலபம். உள்ளே மணி அடித்தால் வெளியே காத்திருப்பவர்களில் அடுத்தவரை அனுப்ப வேண்டும். காலையில் அவள் வந்தபோதே நேர்காணல் அறையில் விளக்கு எரிந்தது. கதவு சாத்தியிருந்தது. மணியும் அடித்தது. பேராசிரியர்கள் முன்னதாகவே வந்துவிட்டார்கள் என்று எண்ணி முதல் ஆளை அனுப்பினாள்.

விடுமுறை நாள் என்பதால் மாடியில் வேறு யாருமில்லை. விடாமல் பெய்த மழையில் மலை கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தது. தாழ்வாரத்தில் பகலிலேயே கருக்கல் கட்டி நிற்க, நனைந்த சுவரின் பூஞ்சை வாடையோடு, மூடிக்கிடந்த கிணற்றைத் திறந்தால் வருவதுபோல் ஒரு குளிர்ந்த நெடி கதவின் அடியிலிருந்து மெல்லக் கசிந்து அவள் கால்விரல்களைத் தொட்டது. கேள்வி கேட்கும் குரலோ பதில் சொல்லும் குரலோ உள்ளிருந்து வரவில்லை. நாற்காலி இழுபடும் ஓசைகூட இல்லை.

ஏதோ ஒரு பைக்குள் கைப்பேசி அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. அவள் திறந்து பார்த்தாள். திரையில் 'அம்மா' என்றிருந்தது. எடுக்கத் துணிவு வராமல் பையை மூடினாள்.

தேர்வுக் குழுத் தலைவருக்குப் போன் செய்தாள். அவர் தெலுங்கில் சலித்துக்கொண்டார். ரேணிகுண்டா அருகே ரோட்டில் வெள்ளமாம், குழுவில் மூன்று பேருமே ஒரே காரில் மாட்டிக்கொண்டார்களாம், தான் வரும்வரை பிள்ளைகளை உட்காரவைக்கச் சொன்னார்.

அந்த அறைக்கு வேறு வாசல் கிடையாது.

மிச்சம் இருந்தவள் கீர்த்தி மட்டும். நகரிக்காரப் பெண். இந்திராணியும் அந்தப் பக்கம்தான் என்று தெரிந்ததும் காலையிலிருந்து அக்கா, அக்கா என்று ஒட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய நைனா கீழே மழையில் ஒதுங்கி நிற்கிறாராம்.

மாடிப்படிக்குப் போக அந்தக் கதவைத் தாண்டித்தான் போகவேண்டும். இந்திராணி அவள் கையைப் பிடித்து எழுப்பினாள். சத்தம் போடாமல் வா என்று மட்டும் சொன்னாள். இருவரும் சுவரோரமாக நடந்தார்கள்.

மணி அடித்தது.

நிற்காமல் அடித்தது. கதவின் கைப்பிடி தானாகக் கீழே இறங்கியது.

"இன்னாக்கா, என்னத்தானே கூப்புடறாங்க?" என்றாள் கீர்த்தி.

சொல்லியிருக்கலாம். ஓடு என்ற ஒரு சொல் போதும். ஆனால் அந்தக் கைப்பிடி தனக்காகவும் இறங்கும் என்பது இந்திராணிக்குத் தெரிந்துவிட்டது.

"ஆமாம்மா. பயப்படாத. எல்லாரும் அந்தாண்ட கதவு வழியா போய்க்கினு இருக்காங்க. நீ போ."

கீர்த்தி சிரித்தாள். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். குனிந்து இந்திராணியின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள்.

மணி நின்றது.

இந்திராணி படியை நோக்கி நடந்தாள். இந்த முறை கதவு முழுதாகச் சாத்தியிருக்கவில்லை. பார்க்காமல் போயிருக்கலாம்.

பார்த்தாள்.

மேசை இல்லை. எதிர்ச்சுவர் இல்லை. வரிசை வரிசையாக ஆட்கள். முதுகைக் காட்டி நின்றார்கள். கடைசி வரிசையில் லோகேஸ்வரனின் நீலச் சட்டை. ரூபாவின் ஈரப் பின்னல். அவர்களுக்கு முன்னால் வேறு முதுகுகள். இன்னும் முதுகுகள். கட்டடத்தைவிட நீளமாக, இருட்டுக்குள் இறங்கிப்போகும் முதுகுகள். ஒருவரும் மூச்சு விடவில்லை.

கீர்த்தி மட்டும் திரும்பினாள்.

முகம் இருக்கவேண்டிய இடத்தில் பின்னந்தலை. அங்கும் கூந்தல், வகிடு எடுத்து, அழகாக வாரியிருந்தது. அதற்குள்ளிருந்து அதே பிரியமான குரல் வந்தது.

"வாக்கா. உனக்கும் சீட்டு கெடச்சிருக்குது."

இந்திராணியின் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. இன்னொன்று பிடித்தது. கீழே, மழையில், யாரோ ஒரு அப்பன் மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். கதவிடுக்கிலிருந்து இன்னும் கைகள் வந்துகொண்டிருந்தன.