போர்த்தக் கூடாத பிள்ளை

சித்திரை வெயில் உச்சிக்கு ஏறிய நேரத்தில், திட்டக்குடியிலிருந்து வந்த ஆம்புலன்ஸ் விருத்தாசலத்தின் பழைய ஆஸ்பத்திரி ஒன்றின் வாசலில் நின்றது. உள்ளே, பிறந்து நாலு மணி நேரமான ஆண் குழந்தை. பிறந்ததும் அழவில்லை. மூச்சு தாமதமாக வந்ததில் மூளை அடிபட்டிருந்தது.

பச்சிளம் குழந்தைகள் பிரிவில் அன்று வேறு குழந்தை இல்லை. நர்ஸ் பர்வீன் 'பிஸ்மில்லா' என்று முணுமுணுத்து அவனைக் குளிர்ப் படுக்கையில் கிடத்தினாள். மூன்று நாள் அவன் உடம்பு முப்பத்து மூன்றரை டிகிரியிலேயே இருக்க வேண்டும். அந்தக் குளிரில்தான் அடிபட்ட மூளை மேலும் கெடாமல் ஓய்வெடுக்கும். முப்பத்து நாலைத் தாண்டக் கூடாது.

தாய் அறுவை முடிந்து திட்டக்குடியிலேயே படுத்திருந்தாள். தகப்பன் நந்தகுமார் மட்டும் கதவோரம் நின்றான்.

"சிஸ்டர், புள்ள கையி ஜில்லுனு இருக்குதுங்க. ஒரு துணியாவது போத்துங்களேன்."

"போத்தக் கூடாதுண்ணே. குளுந்தாத்தான் பொழைப்பான். நீங்க என்னா வேலை பாக்குறீங்க?"

"பீங்கான் பொம்மைச் சூளையிலங்க."

"சூளைய அணைச்ச ஒடனே கதவத் தொறப்பீங்களா?"

"ஐயோ! அது தானா ஆறணும். அவசரப்பட்டுத் தொறந்தா அத்தனையும் விரிசல் வுட்டுடும்."

"இங்கயும் அதேதாண்ணே. மூணு நாளு தொறக்கக் கூடாத சூளை இது."

அவன் அன்று முதல்முறையாகச் சிரித்தான். "சூளைக்காரன சூளைய வெச்சே மடக்கிட்டீங்க." பர்வீன் தன் சாப்பாட்டு டப்பாவை அவனிடம் நீட்டினாள். வேண்டாம் என்றவன், பாதி சாப்பிட்டுவிட்டு, கொளஞ்சியப்பர் கோயிலில் வேண்டுதலைச் சீட்டில் எழுதிப் பிராது கட்டப் போனான்.

மறுநாள் மதியம் இரண்டு மணி. தெருவில் ஆளரவமில்லை. ஏ.சி. மட்டும் ஒரே சுருதியில் முனகியது. பர்வீன் மருந்து எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள். அப்போது அந்த வாசனை வந்தது. ஈரக் களிமண் வாசனை.

திரும்பினாள். உடல்சூடு காட்டும் கருவியில் முப்பத்து நாலு புள்ளி ஒன்று.

குழந்தையின் மேல் ஒரு துணி கிடந்தது. வெளிறிப்போன பச்சைப் புடவைத் துண்டு.

அதை உருவிக்கொண்டு வெளியே வந்தாள். "பூவாயிக்கா! யாரக் கேட்டுப் போத்தினீங்க?"

துடைப்பத்தோடு நின்ற பூவாயிக்குக் கோபம் வந்தது. "நானா? எனக்கு என்னா கிறுக்கா புடிச்சிருக்குது? செருப்பக் கழட்டாம அந்தப் பக்கம் எட்டிக்கூடப்…"

பேச்சு நின்றது. அவள் கண் துணியில் நிலைத்திருந்தது.

"சிஸ்டர், இது சொர்ணாம்பா துணி."

"யாரு அது?"

பூவாயி குரலைத் தாழ்த்தினாள். "நாலு வருசம் ஆச்சு. பொம்மைச் சூளையில மண்ணு பெசையிறவ. கையில மண்ணு காயாம ஓடியாந்தா. புள்ள இதே மாரி அழாமப் பொறந்துச்சு. அப்ப இந்தப் படுக்க ஏது? அன்னிக்கே போயிடுச்சு. 'புள்ள ஜில்லுனு இருக்குது, போத்துங்க'ன்னு கெஞ்சினா. ஒருத்தரும் அவள கிட்டவே வுடல. மறுநாளு அவளும் போயிட்டா. கேக்க ஒரு நாதி கெடயாது."

பூவாயி துணியை வாங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். பர்வீன் உள்ளே வந்து கதவைத் தாழிட்டாள்.

கால் மணி நேரம் போனது.

களிமண் வாசனை.

முப்பத்து நாலு புள்ளி ஆறு.

பச்சைத் துணி மறுபடியும் குழந்தையின் மேல் கிடந்தது. தாழ் போட்டது போட்டபடி இருந்தது.

துணியின் ஒரு ஓரம் மெல்ல உள்ளே போனது. யாரோ விரலால் செருகுவதுபோல. பிறகு மறு ஓரம். செருகிய இடங்களில் வெள்ளை மண் தடம், ஐந்து ஐந்து விரலாக.

பர்வீனின் கால்கள் கதவைத் தேடின. ஆனால் அவள் ஓடினால் இந்தப் பிள்ளைக்கு யார்?

நின்றாள்.

"சொர்ணாம்பாக்கா…"

ஏ.சி. சத்தம் நின்றதுபோல் இருந்தது.

"ஒங்க புள்ளைக்குச் செய்ய முடியாதத இவனுக்குச் செய்யிறோம்க்கா. ஒங்களுக்குத் தெரியாததா? சூளை ஆறாமத் தொறக்கலாமா? நாளைக்கு முழுக்க ஆறட்டும். நாளான்னிக்கு நீங்களே போத்துங்க. நான் சத்தியமா சொல்றேன்."

எதுவும் அசையவில்லை.

"தனியா இருக்குறது என்னான்னு எனக்கும் தெரியும்க்கா. எங்க வூட்டுக்காரரு குவைத்துல. எங்க வூட்டுலயும் நான் ஒருத்திதான்."

துணியின் ஓரம் தளர்ந்து வெளியே வந்தது.

பர்வீன் துணியை எடுத்து நாலாக மடித்தாள். தன் ஸ்டூலைப் படுக்கைக்கு அருகில் இழுத்துப் போட்டு, அதன்மேல் வைத்தாள். "இங்க ஒக்காருங்க. அவனுக்குத் தொணையா இருங்க."

ஸ்டூல் கிறீச்சிட்டது, ஆள் உட்கார்ந்ததுபோல.

முப்பத்து நாலு. முப்பத்து மூன்று புள்ளி ஏழு. முப்பத்து மூன்றரை.

நாலாம் நாள் பர்வீனுக்கு விடுமுறை. ஆனாலும் வந்தாள்; உயிரோடு இருப்பவருக்குக் கொடுத்த வாக்கைப் போலத்தான் இதுவும் என்று அவள் மனம் சொன்னது. மணிக்கு அரை டிகிரியாகச் சூடேற்றப்பட்டு, குழந்தை முப்பத்து ஆறரையில் இருந்தான். எல்லோரும் இரவுச் சாப்பாட்டுக்குப் போன நேரம். பர்வீன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

"இப்பப் போத்துங்கக்கா."

முதுகுக்குப் பின்னால் துணி சரசரத்தது. நெடுநேரம்.

பிறகு, குழந்தை வீறிட்டு அழுதான்.

திரும்பியபோது அவன் கழுத்துவரை கச்சிதமாகப் போர்த்தப்பட்டிருந்தான். ஸ்டூல் காலியாக இருந்தது. நந்தகுமார் ஓடிவந்து, எதுவும் கேட்காமல், அந்தத் துணியோடு பிள்ளையை வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டான். வீட்டுக்குப் போகும்போதும் துணி அவர்களோடுதான் போனது.

ஆடி மாதம் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து ஒரு பெண் குழந்தை வந்தது. அதுவும் அழவில்லை. பர்வீன் படுக்கையில் கிடத்தி, கருவியைப் பொருத்தி, மருந்து எடுக்கத் திரும்பினாள்.

ஈரக் களிமண் வாசனை.

குழந்தை போர்த்தப்படாமல்தான் கிடந்தது. ஆனால் அறை மூலையில் இருந்த ஸ்டூல், யாரும் நகர்த்தாமலே, படுக்கைக்கு அருகில் இருந்தது. அதன்மேல் நாலாக மடித்த பச்சைத் துணி.

பர்வீன் தொட்டுப் பார்த்தாள். துணி இளஞ்சூடாக இருந்தது.