ஒரு பக்கம் கனத்த பெஞ்சு

தூக்கும்போதே தளவாய்க்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. தென்காசி மார்க்கெட்டில் காலமெல்லாம் மூட்டை சுமந்த தோள் அது. எந்தச் சுமையில் கனம் எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியும். இரண்டு முனையும் ஒரே தேக்குப் பலகைதான். காஜா பாய் பிடித்த முனை சுளுவாக எழுந்தது. இவர் பிடித்த முனை மட்டும், மேலே யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி, தரையை விட மறுத்தது.

"ஈரம் குடிச்சிருக்கும் அண்ணாச்சி," என்றார் பழைய சாமான் கடை காஜா. "குத்தாலத்துல இடிச்ச லாட்ஜ் வராந்தாவுல கெடந்தது. குளிச்சிட்டு வாரவன் பூரா இதுலதான உக்காருவான்."

கடையில் வேறு பெஞ்சுகளும் இருந்தன. பள்ளிக்கூடத்துப் பெஞ்சு ஒன்று, செங்கோட்டை வீடொன்றிலிருந்து வந்த சாய்வுப் பெஞ்சு ஒன்று. தளவாய் ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டினார். குனிந்து அடிப்பலகை அரித்திருக்கிறதா என்று பார்த்தார்.

"பொண்ணு பாக்க வந்த மாதிரில்லா சுத்திச் சுத்தி வாரிய!"

தளவாய் சிரிக்கவில்லை. போன வருசச் சாரல் காலத்தில் மகள் முத்துவடிவை ஆறு கொண்டுபோனது. அதிலிருந்து அவர் பெண்டாட்டி நாச்சியார் வீட்டுக்குள் உட்காருவதில்லை. மழையென்றாலும் புறவாசல் துவைகல்லில்தான் கிடந்தாள். பேச்சும் நின்றுபோனது. நல்லதாக ஒரு பெஞ்சு போட்டால் கூரைக்குள் வந்துவிடமாட்டாளா? வராவிட்டால் இவளும் போய்விடுவாள்.

கனத்த முனையில் உட்கார்ந்து பார்த்தார். கால்கள் உள்ளே தள்ளி அமைந்த பெஞ்சு. மறுமுனை விசுக்கென்று எழும்பி அவரைத் தள்ளிவிடப் பார்த்தது.

"ஒத்தையா ஓரத்துல உக்காராதிய," என்றார் காஜா. "ரெண்டு பேரு சேந்து உக்காந்தாத்தான் நிக்கும்."

அந்தச் சொல்தான் தளவாயைப் பிடித்துக்கொண்டது. சேர்ந்து உட்கார வேண்டிய பெஞ்சு. அதையே மேலகரத்தில் இருக்கும் தன் வீட்டுக்கு ஏற்றினார்.

மறுநாள் சாயங்காலம் சாரலில் நனைந்துகொண்டு அவர் வேலை முடித்து வந்தபோது தெருவில் கரண்ட் இல்லை, ஓட்டிலிருந்து நீர் சொட்டும் சத்தம் வீட்டைச் சுற்றிலும் கேட்டது, வாசற்படியில் கால் வைத்ததும் ஆற்றுப் பாசியின் வாடை மூக்கில் ஏறியது, உள்ளே இருட்டில் பெஞ்சின் ஓரத்தில் நாச்சியார் உட்கார்ந்திருந்தாள்.

வந்துவிட்டாள். உள்ளே வந்துவிட்டாள்.

பிறகுதான் பார்த்தார். அவள் ஒற்றையாக, ஓரத்தில் இருந்தாள். பெஞ்சு ஆடாமல் நின்றது. காலியான மறுமுனையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"மெதுவா வாங்க," என்றாள் நாச்சியார். ஒரு வருசத்துக்குப் பிறகு கேட்ட குரல். "இப்பத்தான் வந்து உக்காந்தா. தலயெல்லாம் ஈரம். நான் துண்டு எடுத்துட்டு வாரேன், நீங்க இங்கன உக்காருங்க. நான் எந்திரிச்சா புள்ள விழுந்துருவா."

ஓடியிருக்கலாம். ஆனால் பிள்ளை விழுந்துவிடுவாள் என்றாளே. அவள் எழ எழ, அந்த இடத்தில் அவர் உட்கார்ந்தார்.

பெஞ்சு ஆடவில்லை.

திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கண்ணீர் மட்டும் வந்தது. "வடிவு," என்றார். "ஏட்டி. குளிருதாட்டி?"

பலகை வழியாக ஈரம் நகர்ந்து வந்து வேட்டியைத் தொட்டது. இருக்கட்டும். எப்படியாவது வந்தாளே. இங்கேயே இருக்கட்டும்.

அப்போது அவர் குதிகால் தரையை விட்டது.

அவர் பக்கம் எழும்பியது. மெதுவாக. பெருவிரல் தரையைத் தேடியது. கிடைக்கவில்லை.

மூன்றாம் கிளாஸ் பிள்ளை. ஆற்றங்கரையிலிருந்து ரோடு வரைக்கும் அவள் உடலைச் சுமந்து வந்த தோள் இது. அந்த எடை இன்னும் தோளில் இருக்கிறது.

இது அந்த எடை இல்லை.

நாச்சியார் துண்டோடு வந்தாள். சிரித்த முகம். மறுமுனையில் நின்று, இருட்டுக்குள் இரண்டு கையையும் அகல விரித்துத் துவட்டத் தொடங்கினாள். இன்னும் அகல விரித்தாள். எட்டாமல், குதிகாலை உயர்த்தி எம்பினாள்.

"இங்க பாருங்களேன்," என்றாள் கொஞ்சலாக. "நம்ம புள்ளைக்கு இந்தத் துண்டு பத்தல."