நான்காவது பொத்தான்

இப்போதெல்லாம் அழுவதற்குக்கூடப் பொத்தான் வைத்துவிட்டார்கள். சுவரில் ஒரு பழைய படம், கீழே ஒரு பொத்தான். அமுக்கினால் அந்தக் காலத்துச் சத்தம் வரும். கேட்டு உச்சுக்கொட்டிவிட்டு வெளியே போய் ஐஸ் வாங்கித் தின்னலாம். தீவின் வரலாற்றுக் கூடமாம்.

படகுத்துறையில் ஆயுசு முழுக்கக் கயிறு கட்டிய கிழவருக்கு இதெல்லாம் வேஷமாகத்தான் தெரிந்தது. நான்காவது படத்தில் படகு மூழ்கிய நாள். செத்தவர்களோடு தன் மகள் பெயரையும் எழுதிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, அழிக்கச் சொல்ல வந்திருந்தார்.

"எல்லார் உடம்பும் கெடச்சுது. அவளோடது கெடைக்கல. ஏன்? அவ அதுல ஏறவே இல்ல. அந்த மெக்கானிக்கோட ஓடிட்டா. எங்கயோ நல்லா இருக்கா."

"மெக்கானிக் பக்கத்துத் தெருவுலதான் கடை வெச்சிருக்காரு, தாத்தா. பேரன்கூடப் பொறந்தாச்சு" என்றாள் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்.

"அப்ப வேற எவனாவது."

"உங்க நிழல்கிட்டயே அடையாள அட்டை கேப்பீங்க போல. நான் ஜன்னலைச் சாத்திட்டு வரேன், கெளம்புங்க."

மகள் ஓடிப்போனாள் என்று வீடுவீடாகத் தானே போய்ச் சொன்ன தகப்பன் அந்தத் தீவில் அவர் ஒருவர்தான். மானம் போனால் போகட்டும், அவள் இருந்தால் போதும்.

முதல் பொத்தானை அமுக்கினார். தீவுக்கு முதல் விளக்கு வந்த நாளின் ஆரவாரம். அடுத்ததில் பள்ளிக்கூட மணி. மூன்றாவதில் குடிதண்ணீர்க் குழாயடியில் பெண்களின் சிரிப்பு. எல்லாம் எங்கோ உட்கார்ந்து பதிந்த பொய்ச் சத்தம். இதுவும் அப்படித்தான் என்று தனக்கே காட்டிக்கொள்ள நான்காவதையும் அமுக்கினார்.

ஒன்றுமில்லை. பிறகு, பலகைக்கு அடியில் தண்ணீர் மெல்ல மோதும் ஓசை. டீசலும் ஊறிய கயிறும் கலந்த வாடை. அதற்குள்ளே, இத்தனை வருஷமாக அவர் வீட்டில் யாரும் வாங்காத ஒரு சோப்பின் வாசனை. ஓசை சுவரிலிருந்து வரவில்லை. தரையிலிருந்து வந்தது. அவருக்குப் பின்னாலிருந்து.

ஈரச் செருப்பு. சளக். சளக்.

"அப்பா... மெதுவா நடங்கப்பா."

படகில் ஏறும் பலகையைக் கண்டால் அவளுக்குப் பயம். அவர் சட்டையை முதுகுப் பக்கம் இறுகப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் இதைத்தான் சொல்வாள்.

"ஏம்மா! நாலாவதுல யார் கொரல போட்டு வெச்சிருக்கீங்க?"

"அதுக்கு இன்னும் ஒயரே இழுக்கல, தாத்தா. வெறும் பொத்தான்தான்" என்று ஜன்னல் பக்கமிருந்து பதில் வந்தது.

"எல்லாம் ஏமாத்து வேல."

வெளியே வந்தார். தெருவில் வெயில் தாழ்ந்திருந்தது. மழை பெய்து பல நாளாகிவிட்டது.

சளக்.

சட்டை பின்னால் இழுபட்டது. ஈரம் முதுகில் படர்ந்தது. சில்லென்று. விரல்கள். ஒவ்வொன்றாக.

திரும்பவில்லை. திரும்பினால் நம்பவேண்டிவரும்.

"ஓடித்தான் போனா" என்றார் தெருவைப் பார்த்து. "நல்லா இருக்கா."

பிடி இறுகியது. தண்ணீர் அவர் கால்வழியே வழிந்து புழுதியில் கோடிட்டது.

கிழவர் நடையைத் தளர்த்தினார். பலகைக்குப் பயந்த பெண் பின்னால் வரும்போது நடப்பதுபோல, அடிமேல் அடிவைத்து, தலையை மறுப்பாக ஆட்டிக்கொண்டே போனார்.