417 இன்னும் காலி செய்யவில்லை

ஆடிக் கிருத்திகைக்கு இரண்டு நாள் முன்பு, மத்தியான வெயிலில் கவிதா அந்த லாட்ஜுக்குள் நுழைந்தாள். மலையடிவாரத்தில் மொட்டை போட வருகிறவர்கள் தங்கும் பழைய கட்டடம். படியேறும்போதே அடித்த நாற்றத்தில் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஒம்பதாம் நம்பர் ரூம் பாத்ரூம்ல தண்ணி எறங்கமாட்டேங்குதும்மா. தெனம் முடிய குத்தி எடுத்துகினு கீறோம்" என்றார் முதலாளி கஜபதி.

வாளி நிறைய ஈர முடி. நீளமாக, வழவழவென்று, சாக்கடைக் கசடோடு. அதன் பக்கத்தில் உட்கார்ந்து அவர் போண்டா தின்றுகொண்டிருந்தார். சே, என்ன ஜென்மமோ! கவிதா தன் ஜடையைத் தூக்கிச் சிவப்பு ரப்பர் பேண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள்.

லாட்ஜின் பழைய பதிவுகளைப் புதிய சாஃப்ட்வேருக்கு மாற்ற வேண்டும். இன்று முடிக்காவிட்டால், அவளை அனுப்பிய சாஃப்ட்வேர் கம்பெனியில் அவள் வேலை போய்விடும்.

ஃபாரின் கீ எரர். இரண்டு பட்டியல்கள் ஒத்துப்போகவில்லை என்று திரும்பத் திரும்ப அதே பிழை. தங்க வந்தவர்களுக்கு ஒரு பட்டியல், அதாவது டேபிள்; அறைகளுக்கு ஒரு டேபிள். அறையில் இருப்பவரின் எண் வந்தவர்கள் டேபிளிலும் இருந்தாக வேண்டும். ஒன்பதாம் அறையில் 417 என்று இருந்தது. வந்தவர்களில் 416-க்கு அடுத்து 418.

காலி செய்த நேரம் எழுதப்படவில்லை.

"யாருண்ணா இந்த 417?"

கஜபதி குரலைத் தாழ்த்தினார். "ஒரு பொம்பளம்மா. முடி குடுக்கணும்னு தனியா வந்துச்சி. மொத நாளே பாத்ரூம்ல செத்துக் கெடந்துச்சி. போலீசு வந்தா எவன் ரூம் எடுப்பான்? கம்ப்யூட்டர்ல அந்தச் செக்கிங்க நிறுத்திட்டு பேர அழிச்சிட்டோம்."

"ஒடம்பு?"

"அது உனுக்கு எதுக்கு?"

"பேராவது இன்னா?"

"யாருக்கு ஞாபகம் கீது? எதுனா ஒரு பேரப் போட்டு முடிம்மா."

அவர் முகத்தைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அறை டேபிளில் அந்த வரியை அழித்தாள்.

திரும்ப வந்தது.

மறுபடி அழித்தாள்.

திரும்ப வந்தது.

மணி ஐந்து. சோதனைக்கு ஏதாவது பெயர் வேண்டுமென்றால் எப்போதும் தன் பெயரையே அடிக்கும் பழக்கம் அவளுக்கு. விரல் தானாக அடித்தது. 417, கவிதா.

பிழை மறைந்தது.

போலீசுக்குச் சொல்லாமல் தானும் மூடி மறைத்ததை நினைக்க, வாளியில் கைவிட்ட மாதிரி கூசியது. பெயரை எடுக்கப் பார்த்தாள். 'நீக்க முடியாது. இந்த எண்ணில் ஒருவர் அறையில் இருக்கிறார்.'

"பேருதானே, வுடும்மா" என்று சிரித்தார் கஜபதி.

பக்கத்து ஊரான கே.ஜி.கண்டிகையில் இருக்கும் தன் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் குளித்தாள். தண்ணீர் இறங்கவில்லை. கணுக்கால்வரை ஏறி நின்றது. அதே நாற்றம்.

குனிந்து, தண்ணீர் போகும் துவாரத்தில் விரலை விட்டு இழுத்தாள். முடி வந்தது. முழம் முழமாக.

கடைசியில் ஒரு சிவப்பு ரப்பர் பேண்ட்.

கை தலைக்குப் போனது. ஒரு முடி இல்லை, வழவழவென்றிருந்தது. குளிர்ந்த சந்தனம் விரலில் ஒட்டியது.